நாலு விரற்கடை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் திடமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அதேபோல் இருக்க வேண்டும் என்பதுதான் எழுந்தாலும் படுத்தாலும் என் நினைப்பு. குட்டிக்கு இருமல் நின்றதா? நின்றுவிட்டது என்று மருந்தைப் பாதியில் நிறுத்திவிடாதே, நீ எதையும் பாதியில் விடுகிற ஆள். போனில் எல்லாம் சொல்ல முடியவில்லை, அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். போன தடவை நீ என்னிடம், "விடும்மா, தொலையட்டும்" என்று சொன்னாயே, நான் விடவில்லை. முழுதும் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும் என்பதால் முதலில் இருந்து சொல்கிறேன். இந்தப் பக்கத்துக் கிராமங்களின் தீயணைப்பு நிலையங்களில் கட்டடம், வண்டி, கருவி எல்லாம் என் பொறுப்பு என்று பெயர்தான், நம் ஊர் நிலையத்தில் வண்டி நிறுத்தப் புது ஷெட் கட்டும்போது என் பேச்சை யார் கேட்டார்கள்? வாசலுக்கு மேலே பெரிய போர்டு வைக்க வேண்டும், அதில் தன் பெயரும் வர வேண்டும் என்று நம் நிலைய அதிகாரிக்கு ஆசை. போர்டுக்கு இடம் வேண்டுமே, அதனால் கான்கிரீட் விட்டத்தைக் கீழே இறக்கச் சொன்னார். டேப்பைப் பிடித்து வண்டியின் உயரத்தையும் அவரே அளந்தார். டேங்கில் தண்ணீர் நிறைந்திருந்தபோது அளந்தார், அதுதான் விஷயம். நிறைந்த வண்டி அடியிலுள்ள வில்பட்டையை அழுத்திக்கொண்டு தாழ்ந்து நிற்கும், தண்ணீரெல்லாம் தீர்ந்து திரும்பி வரும்போது நாலு விரற்கடை உயர்ந்து நிற்கும், கூரைமேல் இருக்கும் ஏணி இடிக்கும் என்று அன்றைக்கே சொன்னேன். "வண்டி என்ன பலூனாம்மா?" என்று கேட்டுச் சிரித்தார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள், அவர் சிரித்தால் அவர்கள் சிரிக்க வேண்டும் அல்லவா. அப்புறம் நடந்ததுதான் உனக்குத் தெரியுமே. வைக்கோல் போர் தீயை அணைத்துவிட்டு, காலி டேங்கோடு, முகமெல்லாம் கரியோடு அப்பா வந்து வண்டியைப் பின்னுக்கு எடுத்தார், ஏணி விட்டத்தில் மோதியது. விட்டத்தில் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது, விரிசலும் விட்டது. அத்தனை பேர் முன்னால் அந்த மனுஷன் சொன்னது என் காதில் இன்னும் கேட்கிறது. "கண்ணு தெரியாதவனெல்லாம் ஸ்டீரிங் பிடிக்க வந்துட்டான்." வண்டி தினமும் போய் வருகிற வாசல்தானே, தப்பு டிரைவருடையது என்று முடித்துவிட்டார். பெயர்ந்த இடத்தில் சிமெண்டை அப்பச் சொன்னார், இனி தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும் என்று வாய்க்குள்ளேயே ஒரு உத்தரவும் போட்டார். எதற்கு அந்த உத்தரவு என்று யாரும் கேட்கவில்லை. அப்பாவின் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு ஹோஸ் கழுவிச் சுருட்டுகிற வேலைக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து உன் அப்பா வீட்டில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதும் மாட்டுவதுமாக இருந்தார். தனக்கே சந்தேகம் வந்துவிட்டது போலிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு பற்றி எரிந்தது, அந்தத் தீயை அணைக்க ஒரு வண்டியும் இல்லை.

மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்ற செய்தி வந்ததும் நான் முடிவு செய்துவிட்டேன். வந்தால் தண்ணீர் பீய்ச்சிக் காட்டுவார்கள், டேங்க் காலியாகும். அவர் வருகிற அன்றைக்கே நிலையத்து மேல்நிலைத் தொட்டியைக் கழுவ ஆள் சொன்னேன், கழுவுகிற நாளை முடிவு செய்வது நான்தானே. வண்டியை மறுபடி நிரப்பத் தண்ணீர் இருக்காது. அதற்காக ஊர் எரிந்தால் வேடிக்கை பார்க்கிறவள் இல்லை நான், பக்கத்து நிலைய வண்டியை நிறைத்து நாற்சந்தியில் நிற்கச் சொல்லிவிட்டேன். நல்ல ஏணியையும் இறக்கி வைத்துவிட்டு, கழித்துப் போட்ட பழைய ஏணியை மேலே கட்டச் சொன்னேன். உடைந்தால் உடையட்டும், என் பொருள் எதற்குக் கெட வேண்டும்? சிரிக்காதே, பழி வாங்கினாலும் சிக்கனமாகத்தான் வாங்க வேண்டும்.

அன்று தண்ணீர் காட்டி முடிந்தது, மேலதிகாரிக்கு ரொம்பச் சந்தோஷம். வண்டியை உள்ளே விடுகிற நேரம் பார்த்து நான் சாவியோடு போனேன், மேலதிகாரி காதில் விழும்படியாகவே நம் நிலைய அதிகாரியிடம், "டிரைவருங்க யார் மேலயும் எனக்கு நம்பிக்கை இல்லைங்க ஐயா, கண்ணு தெரிஞ்ச நீங்களே ஒரு தடவை எடுத்துக் காட்டுங்க" என்றேன். தேனாகப் பேசினேன், எனக்கே தித்தித்தது. மனுஷன் தொப்பியைச் சரி செய்துகொண்டு ஏறினார். அவர் போட்ட உத்தரவு அவருக்கே நினைவில்லை. வண்டி பின்னால் போகப் போக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அப்போது எங்கிருந்தோ ஈர ஹோஸைத் தூக்கி எறிந்துவிட்டு உன் அப்பா ஓடி வருகிறார், "நிறுத்துங்க, ஐயா நிறுத்துங்க, மேல பாருங்க" என்று கத்திக்கொண்டு வண்டியின் பக்கத்தில் ஓங்கி ஓங்கித் தட்டுகிறார். வண்டி நின்றுவிட்டது. ஏணியின் முனைக்கும் விட்டத்துக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடம்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாயருகே வந்த சோற்றை, போயும் போயும் கட்டின புருஷனே தட்டிவிட்டார்.

ஆனால் ஏணி விட்டத்தின் அடியைவிட உயரமாக நிற்பதை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். வாசலை யார் அளந்தது என்று மேலதிகாரி கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன். "நம்ம ஐயாதாங்க அளந்தார், டேங்க் நிறைஞ்சிருந்தப்போ அளந்தார், இது இடிச்சதுக்குத்தான் என் வீட்டுக்காரர்கிட்ட சாவியைப் பிடுங்கினார்" என்றேன், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. திங்கட்கிழமையிலிருந்து அப்பா மறுபடி ஸ்டீரிங்கில். விட்டத்தை இடித்து உயர்த்தச் சொல்லி எனக்கு உத்தரவு, இடித்தும் ஆயிற்று. அவர் போர்டையும் கழற்றியாயிற்று, சுவரைப் பார்த்தபடி சாத்தி வைத்திருக்கிறேன். அவருக்கு நாலு வார்த்தை திட்டு விழுந்ததோடு சரி, அதே நாற்காலியில்தான் இருக்கிறார். அது எனக்குப் போதவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னிடம் கேட்டது ஒன்றுதான். "பின்னாடி ஒருத்தன் நின்னு கை காட்டிக்கிட்டிருந்தானே, விரிசல் விட்ட விட்டம் அவன் தலையில விழுந்திருந்தா?" தொட்டியை யோசித்தேன், ஏணியை யோசித்தேன், அந்தப் பையனை யோசிக்கவில்லை. இரண்டு நாள் அப்பா தானே சோறு போட்டுச் சாப்பிட்டார், அது நியாயம்தான். ஆனால் கண்ணாடியைத் துடைப்பது நின்றுவிட்டது. அதனால் அந்த ஆள்மேல் என் கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துவிடாதே.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையோடு சும்மாச் சும்மா சண்டை போடாதே, அந்தக் குணம் என்னோடு போகட்டும். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக வாழ வேண்டும். ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. தன் அறை வாசலில் படி உடைந்து கிடக்கிறது என்று அந்த ஆள் ரொம்ப நாளாக என்னை நச்சரித்துக்கொண்டிருந்தார். நேற்றுப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இடித்த விட்டத்திலிருந்து அறுத்தெடுத்த துண்டு, சிமெண்ட் அப்பின இடம் மேலே தெரியும்படி வைத்துப் பூசச் சொன்னேன். இனி தினமும் குனிந்து பார்த்து அதை மிதித்துத்தான் அவர் உள்ளே போக வேண்டும். அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் பாவம் என்று பெயர்த்துப் போட்டுவிடுவார், போனில் வாயை விட்டுவிடாதே.

இப்படிக்கு,
எதையும் பாதியில் விடாத
உன் அம்மா