ஜூன் முப்பத்தொன்று

அன்பு மகனுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய். போனிலேயே பேசலாமே என்பாய். போனில் நான் பத்து நிமிடம் பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று இருபது தடவை சொல்கிறாய். அதனால்தான் கடிதம்.

உன் ஊசி நோட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். ஒன்றுவிட்டு ஒரு நாள், ரத்தம் உறைய வைக்கும் ஃபாக்டர் ஊசி போட்டுக்கொண்டதாகத் தேதி வாரியாக எழுதியிருக்கிறாய். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. ஜூன் 27, ஜூன் 29, ஜூன் 31, ஜூலை 2. ஜூனுக்கு முப்பது நாள்தான், தம்பி. இல்லாத நாளில் எந்தக் கையில் ஊசி போட்டாய்?

முப்பத்துநான்கு வருடம் நோட்டுத் திருத்தியவனிடமா இதை அனுப்புவாய்? ஒரு முறை ஏழாம் வகுப்பைத் தினமும் மழை அளந்து எழுதச் சொன்னேன். ஒரு மாணவி மாதக் கடைசியில் உட்கார்ந்து மொத்தத்தையும் எழுதிவிட்டாள். ஒரே பேனா, ஒரே சாய்வு. வெயில் கொளுத்திய நாளிலும் நான்கு மில்லிமீட்டர். நான் திட்டவில்லை. அவள் பொய் எழுதியதால் மழை குறைந்துவிடவில்லை. உன் விஷயம் அப்படியா? நோட்டில் எழுதினால் ரத்தம் உறைந்துவிடுமா?

மருமகளைக் கோபித்துக்கொள்ளாதே. நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். ஃபிரிட்ஜில் பதினோரு மருந்துக் குப்பிகள் பிரிக்காமல் கிடக்கின்றனவாம். கணுக்கால் வீங்கி, மூக்குக்கண்ணாடிக் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்தபடிதான் லென்ஸ் தேய்க்கிறாயாம். கிளினிக்கில் ரத்த அழுத்தம் நூற்றறுபதுக்கு நூறு என்றார்களாம். மாத்திரைச் சீட்டு இன்னும் சட்டைப் பையிலேயே இருக்கிறதாம். போதாக்குறைக்குப் போன வாரம் இரண்டு நாள் தலைவலி.

மற்றவர்களுக்குத் தலைவலி என்றால் தலைவலி. ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா உள்ளவனுக்கு அது மூளையில் ரத்தக் கசிவாகவும் இருக்கலாம். உனக்குத் தெரியாததா? குழாயில் விரிசல் விட்டால் அடைக்கப் பசை இல்லாத வீட்டில், மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிடுவாயா? "ஸ்கேன் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லப்பா" என்று நீ சொன்னாய். மருமகளும் சொன்ன பிறகுதான் நம்பினேன். உன் வார்த்தை மட்டும் எனக்குப் போதவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது.

அவளிடம் நீ சொன்ன பதிலும் என் காதுக்கு வந்தது. "இருபது தாண்ட மாட்டான்னாங்க. நாப்பத்திமூணு ஆச்சு. இனிமே எல்லாம் போனஸ்தானே?" சிரித்துக்கொண்டே சொன்னாயாம். அந்த இருபது, நீ பிறந்த காலத்து மருத்துவத்தை வைத்துச் சொன்னது. இப்போது ஒழுங்காக ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் ஏறக்குறைய மற்றவர்கள் அளவுக்கு வாழ்கிறார்கள் என்று உன் டாக்டரே சொல்கிறார். முழங்காலையும் இதயத்தையும் அழுத்தத்தையும் பார்க்க வேண்டிய வயது வந்திருக்கிறது. கணக்கே மாறிவிட்டது, நீ பழைய விடையையே எழுதிக்கொண்டிருக்கிறாய்.

அந்த விடையை உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

உனக்கு ஏழு வயதில் பள்ளிச் சட்டை வாங்கப் போனோம். கடைக்காரர், "வளர்ற புள்ள சார், ஒரு சைஸ் பெருசா எடுங்க" என்றார். "அளவா இருந்தா போதும்" என்றேன். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா அந்தச் சட்டையை மடிக்காமல் மேசைமேல் எறிந்தாள். அதன் பிறகும் ஒவ்வொரு வருடமும் அளவாகத்தான் வாங்கினேன். ஒவ்வொரு வருடமும் மணிக்கட்டு வெளியே தெரிய நீ வந்து நின்றாய். அதையெல்லாம் நீ கவனித்திருக்க மாட்டாய் என்று நினைத்தேன். கவனித்திருக்கிறாய்.

அந்தத் தப்பை நான் திருத்த முடியாது. நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நாளைக்கே அந்தச் சீட்டைக் கொடுத்து மாத்திரை வாங்கு. ஊசியை விடாதே. விட்டுப்போனால், அந்த நாளை நோட்டில் காலியாக விடு. காலிக் கட்டத்தை நான் தாங்கிக்கொள்வேன். ஜூன் முப்பத்தொன்றைத் தாங்க முடியவில்லை.

இதோடு ஒரு சட்டை வருகிறது. போட்டுப் பார்த்துவிட்டுத் தொளதொளவென்று இருக்கிறதே என்று யாருக்கும் கொடுத்துவிடாதே. ஒரு சைஸ் பெரிதாக நான்தான் கேட்டு வாங்கினேன். ஐம்பதைத் தாண்டினால் உடம்பு கொஞ்சம் போடும். அம்மா இந்தக் கடிதத்தைப் படித்தாள். சட்டையை என் கையிலிருந்து வாங்கி அவளே மடித்து வைத்தாள்.

அது உனக்கு இறுக்கமாகிப் போகும்வரை நீ நன்றாக இருக்க வேண்டும்.

ஆசிகளுடன்,
அப்பா