பிள்ளைகள் இல்லாத ஊரில் உம்மைக் கூப்பிட்டது

இஞ்சரும்,

ஒழுங்கில்லாமல் எழுதினால் எனக்கே விளங்காமல் போய்விடும் என்ற பயத்தில், சொல்லவேண்டியவற்றை முதலில் இலக்கமிட்டு வைக்கிறேன். நீர் சிரிப்பீர். பரவாயில்லை.

1. இன்று காலை கிளினிக்கில் நடந்தது.
2. நாம் இருவரும் மட்டும் கொழும்புக்குப் போகப் பட்ட பாடு.
3. புறக்கோட்டைச் சனத்துக்குள் நீர் வழிதவறியது.
4. நான் கூப்பிட்டது.

காலையில் பிறசர் மருந்துக்காக ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருந்தேன். தாதி மிஸி கிளினிக் கொப்பிகளை அடுக்கி வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டிருந்தா. இடையில் உமது பெயரை வாசித்தா. நான் எழுந்து நின்று "ஓம்" என்றும் சொல்லிவிட்டேன்.

"ஐயா, இது பொம்பிளையின்ர பேரெல்லோ! நீங்கள் இருங்கோ, கூப்பிடுவன்."

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீலச் சேலை கட்டிய ஒரு பெண் எழுந்து போய்க் கொப்பியை வாங்கினா. அந்தப் பெயரை இவ்வளவு இலேசாக ஒருவர் வைத்திருக்க முடியுமா என்று அவ கதவு தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி இரண்டாவது. கலியாணம் செய்த புதிதில் நீர் கேட்டது ஒன்றே ஒன்று. "ஒருக்கால் கொழும்புக்குப் போவம். ஒரு அலுவலும் இல்லாமல்." அப்போது சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தது. பாதை திறந்தபோது பிள்ளைகள் சிறியவர்கள். பிறகு இடப்பெயர்வு, பிறகு வீடு, பிறகு ஒவ்வொருவரின் பள்ளிக்கூடச் சோதனை, கலியாணம், பேறு. ஒவ்வொரு முறையும் தள்ளிவைத்தவன் நான்தான். ஒவ்வொரு முறையும் நியாயமான காரணம் இருந்தது. நீர் வாதாடவில்லை. ஒரு தைப்பொங்கல் முடிந்த கையோடு, குசினி அடுப்படியிலிருந்தபடியே, "இனி எனக்கு முழங்கால் விடாது. இந்த வருசம் இல்லாட்டி இல்லை" என்றீர். அன்றுதான் ரயில் ஆசனம் பதியப் போனேன்.

எங்கள் பக்கத்தில் கொழும்புக்குப் போவதென்றால் பாஸ்போட் எடுக்க, வெளிநாடு போகிறவரை வழியனுப்ப, அல்லது பெரிய டொக்டரைக் காண. வேறு காரணம் இருப்பதாக ஒருவருக்கும் தெரியாது. முன்வீட்டுப் பிள்ளை தோடம்பழப் பையோடு வந்து உமது கையைப் பிடித்துக்கொண்டா.

"என்ன வருத்தமாம் அக்கா?"

"ஒரு வருத்தமும் இல்லையடி. சும்மா போறம்."

"சும்மாவோ? சொல்ல விருப்பமில்லாட்டி விடுங்கோ அக்கா. நான் கோயிலுக்கு நேத்தி வைக்கிறன்."

அவ கண்ணைத் துடைத்துக்கொண்டு போனா. நீர் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திச் சிரித்தீர். வவுனியாவிலிருந்து மூத்தவள் சுதா இதே சந்தேகத்தோடு போன் எடுத்தாள். "தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கோ, அம்மா. அப்பா றோட்டுக் கடக்கவே யோசிப்பார்."

"அவன் வந்தால் நான் அவனுக்குப் பின்னால சாப்பாட்டுக்கோப்பையோட திரியோணும். நாங்கள் ரெண்டுபேரும்தான்" என்று வைத்துவிட்டீர். தோடம்பழங்களை ரயிலில் உரித்துச் சாப்பிட்டோம். மாங்குளம் தாண்டும்வரை உமது வாயில் அந்தச் "சும்மா" இருந்தது; திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துச் சிரித்தீர். இத்தனை ஆண்டுகள் உமக்குள் இப்படி ஒரு பெண் எங்கே இருந்தாள் என்று நான் யன்னல் பக்கம் பார்ப்பதுபோல் உம்மையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

விடுதி அறையில் இரண்டு சோடிச் செருப்பு மட்டும் இருந்தது. அதைப் பார்க்கவே எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. நீரோ லிஃப்ட்டில் எல்லா மாடிக்கும் ஒருமுறை போய்வரவேண்டும் என்றீர். போனோம்.

மறுநாள் புறக்கோட்டை. வழக்கம்போல நான் முன்னே, நீர் பின்னே. சேலைக்கடைத் தெருவின் நடுவில் திரும்பிப் பார்த்தேன். நீர் இல்லை.

இதை நான் விளக்கவேண்டும். உம்மைக் கூப்பிட எனக்குச் சரியான ஒரு சொல் இருந்ததே இல்லை. வீட்டில் "இஞ்சரும்", வெளியில் "சுதான்ர அம்மா". சனத்தோடு சனமாக இடம்பெயர்ந்து நடந்தபோதும் மூன்று பிள்ளைகளின் பெயரைத்தான் வரிசையாகக் கூப்பிட்டேன். மூவரும் ஓம் என்றால் நீரும் இருக்கிறீர் என்று அர்த்தம். புறக்கோட்டையில் பிள்ளைகள் இல்லை.

"இஞ்சரும்!" என்றேன். முன்பின் தெரியாத பெண்கள் சிலர் திரும்பினார்கள். "சுதான்ர அம்மா!" ஒருவரும் திரும்பவில்லை. மூட்டை வண்டி தள்ளி வந்தவர் என்னை ஒதுங்கச் சொன்னார். அப்போது அது வெளியே வந்தது. உமது பெயர். அந்தத் தெரு முழுக்கக் கேட்கும்படி, நான் ஒருநாளும் வாயெடுத்துச் சொல்லாத பெயர். என் குரலா அது என்று எனக்கே தெரியவில்லை.

பக்கத்தில் கச்சான் கடலை விற்றவர் சிரித்தார். "பெரியவர், அந்தா நிக்கிறாங்க. அப்ப இருந்தே உங்களத்தான் பார்த்துக்கிட்டு இருக்காங்க." நையாண்டி என்று நினைத்தேன். நீர் ஒரு கடைத் தாழ்வாரத்தின் கீழிருந்து இறங்கி வந்தீர்.

"இன்னொருக்கால் கூப்பிடுங்கோ."

"றோட்டில வைச்சோ?"

"முதலும் றோட்டிலதானே கூப்பிட்டனீங்கள்!"

நான் கூப்பிடவில்லை. வெட்கம். அன்று பின்னேரம் காலிமுகத்திடலில், பட்டம் விடுகிறவர்களின் சத்தத்துக்குள், மெல்லச் சொன்னேன். "ஓம்" என்றீர். அவ்வளவுதான். கடல் அங்கே இருந்தது. அதை நான் பார்த்ததாக ஞாபகம் இல்லை. ஒரு பெயருக்குள் இருந்து ஒரு மனுசி பதில் சொன்னதையே வியந்துகொண்டிருந்தேன்.

ஊர் திரும்பியதும் பழையபடி "சுதான்ர அம்மா" ஆகிவிட்டீர். ஆனால் வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துக் கூப்பிடுவேன். கிணற்றடியிலிருந்தும் "ஓம்" வரும். அடுத்த மாரியில் நீர் கண்மூடியதோடு அது நின்றது. இந்த மடலிலும் பெயரை எழுதவில்லை. எழுதினால் பிள்ளைகள் வாசிப்பார்கள்; அது நாம் இருவரும் மட்டும் போன ஊரில் கிடைத்தது. நான் வைத்திருக்கிறேன்.

இங்கே நிறுத்தத்தான் இருந்தேன். ஆனால் ஒன்று ஞாபகம் வருகிறது. தாழ்வாரத்திலிருந்து இறங்கி வந்தபோது உமது கையில் ஒரு கச்சான் சுருள் இருந்தது. "இந்தாங்கோ, மிச்சம்" என்று தந்தீர். வாங்கிச் சாப்பிட்டேன். பாதிச் சுருள்தான் இருந்தது. மற்றப் பாதியைத் தின்று முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று இன்றுவரை நான் யோசிக்கவில்லை.

மூன்றாம் இலக்கம் பிழை. நீர் வழிதவறவே இல்லை. நான் என்ன சொல்லிக் கூப்பிடுகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்.