மகளுக்கு எழுதாத வசனம்

அன்பு மகளே,

முப்பது ஆண்டுகளாக நாடகம் எழுதுகிறேன். கல்லூரியில் அதையே கற்பிக்கிறேன். என் குரல் இன்றும் கடைசி வரிசைவரை ஒலிவாங்கியின்றிச் செல்கிறது. ஆகவே, என் நலம் குறித்து நீ கவலை கொள்ள வேண்டா.

நீ ஒத்திகையிலிருந்து வெளியேறிய பின் மகள் வேடத்துக்கு ஆளில்லை. எதிர்ப்பாத்திரத்தையும் ஒருமுறை நடித்துப் பார்க்க வேண்டும் என்பது என் வகுப்பின் விதி அல்லவா? நேற்று அவ்வேடத்தை நானே ஏற்றேன். தந்தையாக நடிக்கும் மாணவன் என்முன் நின்று, "உனக்கு நடிப்பெல்லாம் வராதும்மா, பேசாம வீட்டுக்குப் போ!" என்று முழங்கினான். அது நான் எழுதிய வசனம். நீ வெளியேறிய அன்று அனைவர் முன்னிலையிலும் உன்னிடம் நான் சொன்னதும் அதுவே.

மறுமொழி கூற ஏட்டைப் புரட்டினேன். அவ்விடத்தில் மகளுக்கு ஒரு வரியும் இல்லை.

"என்னங்கய்யா, நீங்களே வசனத்த மறந்துட்டீங்களா?" என்று மாணவன் சிரித்தான்.

"மறக்கலப்பா. எழுதவே இல்ல."

வெள்ளிக்கிழமை அரங்கேற்றம். அவ்வேடத்தை வேறு எவருக்கும் தரவில்லை. மூன்றாம் காட்சியில் உன் மறுமொழிக்காக ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு, இத்துடன் அனுப்பியுள்ளேன். நீயே எழுது, நீயே வந்து பேசு. என் சிவப்பு மை அதில் ஒரு புள்ளியும் வைக்காது.

உன் தந்தை