வாசலுக்கு மேலே போன ரோடு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்பைப் பொறுத்தவரை சௌக்கியம், மற்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வாரா வாரம் போனில் பேசுகிறவளுக்குத் திடீரென்று என்ன கடிதம் என்று நினைப்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், சொல்ல வேண்டியதோ அவரைப் பற்றி, அதனால் பேத்திக்குத் தைத்த கவுன்களோடு இதையும் பார்சலில் வைத்து அனுப்புகிறேன். கவுனில் இடுப்புப் பக்கம் உள்ளே துணி விட்டிருக்கிறேன், பிள்ளை வளர வளரத் தையலைப் பிரித்து விட்டுக்கொள். உன் இருமல் நின்றதா என்று போன வாரம் கேட்டேன், நீ பேச்சை மாற்றினாய், நான் கவனிக்காமல் இல்லை. மருந்துக் கடையில் எதையாவது வாங்கி விழுங்காமல் டாக்டரிடம் போ.

அப்பா ஏம்மா போன்ல ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டேங்கிறார், என் மேல ஏதாவது கோபமா என்று கேட்டாயே, உன் மேல் கோபமே இல்லை. எல்லாவற்றுக்கும் காரணம் நம் தெரு ரோடு. சிரிக்காதே, முழுசாகக் கேள். எதிர்வீட்டு சலூன்காரர் மனைவி ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போது தெருமுனைப் பள்ளத்தில் விழுந்து கையை உடைத்துக்கொண்டது உனக்குத் தெரியும். அன்றைக்குப் பிடித்தது அப்பாவுக்கு ரோட்டுப் பைத்தியம். காலமெல்லாம் பஸ் ஓட்டின மனுஷன், நான் குடியிருக்கிற தெருவுல ஒரு பொம்பளை விழுந்து கையை உடைச்சுக்கிறான்னா அப்புறம் நான் எதுக்கு எலெக்‌ஷன் தவறாம வரிசையில நிக்கிறேன் என்று கேட்டுவிட்டு, சலூன்காரரையும் இழுத்துக்கொண்டு மனுவும் கையுமாகக் கிளம்பிவிட்டார். நகராட்சியில் போய்க் கேட்டால் இது எங்க ரோடே இல்லை, நெடுஞ்சாலைக்காரங்ககிட்ட போங்க என்றார்களாம். அங்கே போனால் சந்து பொந்தெல்லாம் எங்க தலையில கட்டாதீங்க என்றார்களாம். எம்.பி. ஆபீசில் ஒரு ஆள் செல்போனை விட்டுக் கண்ணை எடுக்காமலே, சார் தலைநகர்ல நாட்டையே பார்த்துக்கிட்டு இருக்கார், இந்த நேரத்துல ஒரு பள்ளத்தைத் தூக்கிக்கிட்டு வர்றீங்களே என்று கேட்டானாம். அப்பா அதை வீட்டில் நடித்துக் காட்டி அப்படிச் சிரித்தார். நம் கவுன்சிலரைத்தான் உனக்கு நன்றாகத் தெரியுமே, எதைக் கேட்டாலும் செஞ்சிடலாம் செஞ்சிடலாம் என்பான், தெருவில் அவனுக்குப் பேரே செஞ்சிடலாம் என்று ஆகிவிட்டது. அவனிடமும் நடையாய் நடந்தார். இன்னொன்றும் உண்டு. இப்போது ஆள்வது அப்பாவின் கட்சி. எதிர்க்கட்சியாக இருந்த அத்தனை வருஷமும் நம்ம ஆளுங்க வரட்டும், அப்புறம் பாரு என்று என் காதைத் துளைத்தவர். அவர்கள் வந்துவிட்டார்கள், இனிமேல் நடக்காமல் போனால் அவருக்குத்தான் தலைகுனிவு. அதனால் விடாப்பிடியாக அலைந்தார்.

ரோடு வந்தது. தார் லாரியும் ரோலரும் தெருவுக்குள் நுழைந்த அன்றைக்கு அப்பா கல்யாண வீட்டுக்காரர் மாதிரி அங்கேயும் இங்கேயும் ஓடினார், வேலை செய்கிறவர்களுக்கு நம் வீட்டிலிருந்துதான் டீ. பழைய ரோட்டைத் தோண்டி எடுத்துவிட்டுப் போடுவார்கள் என்று நினைத்தோம், அவர்கள் எப்போதும் போலப் பழசின் மேலேயே கொட்டி உருட்டிவிட்டார்கள். தேர்தலுக்குத் தேர்தல் இப்படி மேலே மேலே போட்டுத்தான், நீ உட்கார்ந்து ஷூ மாட்டுவாயே அந்தப் படியெல்லாம் ஏற்கெனவே மண்ணுக்குள் போயிருந்தது. இந்தத் தடவை ரோடு வாசலையே தாண்டிவிட்டது. முன்பு வீட்டுக்கு ஏறி வருவோம், இப்போது இறங்கி வருகிறோம். கொஞ்சம் ஒசரமா இருக்கில்ல என்று அப்பா அன்றைக்கே என்னிடம் மெதுவாகக் கேட்டார். நான்தான், வந்ததே பெரிசு, இதுலயும் குத்தம் கண்டுபிடிக்காதீங்க என்று அடக்கினேன். செஞ்சிடலாம் வந்து ரிப்பன் வெட்டினான், அப்பாவிடம் மைக்கைக் கொடுத்தார்கள், நம்ம ஆட்சியில கேட்டா கிடைக்கும்னு இப்ப எல்லாரும் பார்த்துட்டீங்க இல்ல என்று பேசினார், தெருவே கை தட்டியது, நானும் தட்டினேன்.

அடுத்து வந்த மழையில் தெருத் தண்ணீர் மொத்தமும் வீட்டுக்குள். வடிகால் கட்டியிருக்கிறார்கள், அதுவும் ரோட்டு மட்டத்துக்குக் கட்டியிருக்கிறார்கள், அதில் தண்ணீர் விழ வேண்டுமானால் முதலில் நம் வீடு நிரம்ப வேண்டும். கட்டில் கால் முங்கியது, ஃபிரிட்ஜ் போயிற்று, நர்ஸுகளுக்கு யூனிஃபார்ம் தைக்க வெட்டி வைத்திருந்த வெள்ளைத் துணி முழுக்கச் சாக்கடைக் கறை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தத் துணியைப் பிழிந்துகொண்டே அழுதுவிட்டேன். தையல் மிஷினை இப்போது சிமெண்ட் கல்லின் மேல் ஏற்றி வைத்திருக்கிறோம், அந்த உயரத்துக்கு உட்கார்ந்தால் தரையில் கிடக்கிற மோட்டார் பெடலுக்குக் கால் எட்டவில்லை, பெடலுக்கு அடியில் ஒரு ஸ்டூலைப் போட்டுத் தைக்கிறேன், பார்க்கிறவர்கள் நான் ஏதோ விமானம் ஓட்டுகிறேன் என்று நினைப்பார்கள். அப்பா மறுபடியும் நகராட்சிக்கு ஓடினார். ஒரு இன்ஜினியர் மூன்று கால் வைத்த கருவியோடு வந்தார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார், கடைசியில் ரோடு கரெக்டாத்தான் இருக்கு, உங்க வீடுங்கதான் தாழ்வா இருக்கு என்றார். அப்பா முதலில் சிரித்தார். அந்த ஆள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவர் முகம் போன போக்கை நான் பார்த்திருக்கவே கூடாது கண்ணு. தெருவிலும் பேச்சு மாறிவிட்டது. உங்க கட்சி போட்ட ரோடு, நீங்க கேட்டு வாங்கின ரோடு என்று அன்றைக்குக் கை தட்டியவர்களே முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். சலூன்காரர் மட்டும் எப்போதும் போல அப்பாவை உட்காரவைத்துச் சவரம் பண்ணிவிட்டார்.

பிறகு ஒவ்வொரு வீடாக வாசலுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்குச் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். காலைத் தூக்கி அந்தச் சுவரைத் தாண்டித்தான் அவரவர் வீட்டுக்குள் போக வேண்டும். அப்பா மட்டும் கட்டவே மாட்டேன் என்று நின்றார். நான் கட்டினா அந்தத் தண்ணி ஆவியாவா போகும், அடுத்தவன் வீட்டுக்குள்ளதான் போகும், எல்லாரும் சேர்ந்து போய் ரோட்டைத் தோண்டச் சொல்லிக் கேட்கணும் என்று மாடியில் கூட்டம் போட்டார், வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார். வந்தது இரண்டே பேர், சலூன்காரரும் மூலை வீட்டுக்காரரும், அதிலும் மூலை வீட்டுக்காரர் ஏணி இரவல் கேட்க வந்தவர். நான் போட்டு வைத்த டீயை நாங்களே குடித்தோம். சுவர் கட்டாத வீடு என்று நம் வீடும் சலூனும்தான் பாக்கி, அடுத்த மழையில் தெருவின் தண்ணீர் முழுக்க எங்கள் இரண்டு பேருக்கும் பங்கு. நான் வாளியும் துடைப்பமுமாக நிற்கும்போது டிவியில் மந்திரி, நாடு முழுக்க நாம் போட்ட ரோட்டை நீட்டி வைத்தால் உலகத்தையே சுற்றி வரலாம் என்று பேசுகிறார். பழைய அப்பாவாக இருந்தால் சொந்தக் கட்சி மந்திரி என்றும் பார்க்காமல் ரிமோட்டைத் தூக்கி எறிந்திருப்பார். இந்த அப்பா எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டு, அந்தக் கொத்தனாரை வரச் சொல்லு என்றார்.

சுவர் கட்டச் சொல்லி எத்தனை மாசமாக நான் அவரைக் கரைத்தேன். கேட்டது நடந்தும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கொத்தனார் முழங்கால் உயரத்தோடு நிறுத்தினார், அப்பா இன்னும் ரெண்டு வரி செங்கல் வையுங்க என்றார். எதிரே சலூன்காரர் கையில் சீப்போடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அப்பா அந்தப் பக்கமே திரும்பவில்லை. போன வாரம் மழை பெய்தபோது நம் வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை, சலூனுக்குள் நாற்காலி வரைக்கும் தண்ணீர், வெட்டிப்போட்ட முடியெல்லாம் அதில் மிதக்க அந்த மனுஷன் குனிந்து குனிந்து பிளாஸ்டிக் மக்கால் தண்ணீரை அள்ளிக்கொண்டிருந்தார். கையை உடைத்துக்கொண்ட அவர் மனைவி, அந்தக் கை இன்னும் பழையபடி ஆகாததால், ஒரு கையால் வாளி தூக்கினாள். அப்பா மாடி ஜன்னலில் நின்று பார்த்தார். இறங்கிப் போகவில்லை. தெருவில் யார் வீட்டில் பல்ப் போனாலும் முதலில் ஓடுகிறவர் என்று உனக்கே தெரியும், அவர்தான் இறங்கிப் போகவில்லை. நான் போய்க் கொஞ்சம் அள்ளிவிட்டு வந்தேன், எந்த முகத்தை வைத்துக்கொண்டு அள்ளினேன் என்று கேட்காதே. மறுநாள் சலூன்காரர் வந்தபோது சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன், சண்டை போட்டிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும். அவர் சுவருக்கு அந்தப் பக்கமே நின்று, அண்ணி, அந்தக் கொத்தனார் நம்பர் இருந்தா குடுங்க என்றார். கொடுத்தேன். அப்பா இப்போது சவரம் வீட்டிலேயே பண்ணிக்கொள்கிறார், பழக்கமில்லாத கை, தாடையெல்லாம் வெட்டு.

மறுபடியும் தேர்தல் வருகிறது. ஒலிபெருக்கி கட்டின வண்டிகள் காலையிலேயே சுற்றுகின்றன, எல்லாக் கட்சிக்காரர்களும் புது ரோடு போட்டுத் தருவதாகத்தான் சொல்கிறார்கள், கேட்டாலே எனக்குப் பகீர் என்கிறது. பூத்தில் வழக்கம் போல நீங்கதான் உட்காரணும் என்று கட்சிக்காரர்கள் அப்பாவிடம் வந்தார்கள், முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவருக்கு முழங்கால் வலி கிடையாது. பேப்பர் வருகிறது, மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. எந்தக் கட்சி வந்தால் என்ன என்று நான் நினைக்க ஆரம்பித்துப் பல வருஷமாகிறது, அதில் எனக்கு வருத்தமும் இல்லை, நான் என்றைக்கு நம்பினேன் ஏமாறுவதற்கு. அவர் நம்பினவர். ஒரு ஆளாவது வீட்டில் நம்புகிறாரே என்று கேலி பண்ணிக்கொண்டே அதன் நிழலில் நான் இருந்திருக்கிறேன் போல, இப்போதுதான் தெரிகிறது.

முந்தாநாள் சாப்பிடும்போது வேண்டுமென்றே அவரைச் சீண்டிப் பார்த்தேன். உனக்குத் தெரியும், மற்ற கட்சியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போதும், தட்டைத் தள்ளிவிட்டு அவர்கள் வரலாற்றையே தோண்டி எடுப்பார், நீயும் அவரும் அந்தக் கட்சியை வைத்துப் போட்ட சண்டையில் மாப்பிள்ளை பயந்துபோய் இது எப்பவும் இப்படித்தானா என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அதனால் நான், என்ன இருந்தாலும் அவங்க ஆண்டப்ப ரோடு பள்ளமா கிடந்துச்சு, தண்ணி அந்தப் பள்ளத்துல நின்னுச்சு, நம்ம வீட்டுக்குள்ள வரலையே, இந்தத் தடவை அவங்களுக்கே ஓட்டுப் போடலாம்னு இருக்கேன் என்றேன். சொல்லிவிட்டு மழைக்குக் குடை விரிக்கிற மாதிரித் தயாராக உட்கார்ந்திருந்தேன். அவர் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே, போடு, அவங்களும் நல்லவங்களா இருக்கலாம் என்றார். அவ்வளவுதான். சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார். ஒரு சண்டை இல்லாமல் அந்தச் சாப்பாடு முடிந்தது கண்ணு.

அதனால் இதைக் கேள். இது கைக்குக் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு உடம்பு எப்படி, மழை எப்படி என்று விசாரிக்காதே. எடுத்த எடுப்பிலேயே அவர் கட்சியைக் கண்டபடி திட்டு. நீ திட்டினால் அவருக்கு எங்கே குத்தும் என்று உனக்குத்தான் தெரியும், என் பேச்சு அவருக்குப் பழகிவிட்டது. மரியாதை, வயசு எதுவும் பார்க்காதே. அவர் திருப்பிக் கத்துவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் கூப்பிட்டுத் திட்டு. தப்பித் தவறிக் கத்தினால் சட்டென்று போனை வைத்துவிடாதே, நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

நீயும் மாப்பிள்ளையும் ஒற்றுமையாக, நோய் நொடி இல்லாமல், பேத்தி படித்துப் பெரிய ஆளாகி, எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். மாப்பிள்ளையை நைட் ஷிஃப்ட் முடிந்து வெறும் வயிற்றோடு தூங்க விடாதே. பார்சல் வந்ததும் கவுன் கிடைத்தது என்று மட்டும் போனில் சொல், கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே. டாக்டரிடம் போக மறக்காதே.

இப்படிக்கு,
என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா