கடல் பக்கம் வாய் வைத்த பைப்

இன்று காலை கடையில் ஒருவர் சுடுதண்ணீர் பைப் கேட்டு வந்தார். அந்த வெளிர்மஞ்சள் பைப்பை அறுக்கும்போது ஒரு வாசம் வரும், உனக்கே தெரியும். பாதி அறுத்துக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்து அவர் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார். குளியலறைக்கு மாட்ட வேண்டியதைக் காருக்கு மாட்டிய மகராசன் ஒருவன் இருந்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது, தோஸ்து?

யாரோ ஓட்டிக் கழித்த டர்போ காரை வாங்கிவந்து நீ அடித்த கூத்து கொஞ்சமா? காலடிப்பேட்டைத் தெருவில் அது நிற்கும்போது பக்கத்தில் சைக்கிள் சாத்தக்கூட விடமாட்டாய். ஆனால் அதை அன்றாடம் ஓட்டியது உன் மனைவி ஸ்டெல்லா. எண்ணூர் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போய்வந்தது அதில்தான். கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து இன்ஜின் சூடானதும் வண்டிக்குத் தெம்பு போய்விடும். ஒருநாள் ஒரு லாரியை முந்தப் போய், பாதியில் வண்டி இழுக்காமல், அதன் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே ஓட்டியிருக்கிறாள். அன்று வீட்டுக்கு வந்து தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

“வர்ற ஞாயித்துக்கெழம நானே ஓட்டிப் பாப்பேன். லாரிய ஒயுங்கா தாண்டலன்னா வண்டி என் தம்பிக்கு. அப்புறம் பேச்சே கெடையாது.”

மறுநாள் உன்னிடமிருந்து என் போனுக்குத் தமிழில் ஒரு வரி வந்தது. ‘பாய், கோல்டு பைப் எடுத்து வை.’ தமிழில் எழுதினால் குளிருக்கும் அதே கோல்டு, தங்கத்துக்கும் அதே கோல்டு. நான் தங்கம் என்று படித்தேன். பைப் கடைக்காரனுக்குத் தங்க நிறம் வேறு எது? ஓட்டல் வேலை ஒன்றுக்கு வரவழைத்து மிஞ்சிப்போன பெரிய சைஸ் சுடுதண்ணீர் பைப்பைத் துடைத்து, மடக்குக்குப் போடுகிற எல்போவெல்லாம் சேர்த்துக் கட்டிவைத்தேன். நீ வந்து பார்த்தாய்.

“இன்னா பாய் இது! நான் சில்லுனு காத்து கேட்டா நீ சுடுதண்ணி பைப்பு எட்து வெச்சிகீற!”

அப்புறம்தான் விளக்கினாய். டர்போ காற்றை அமுக்கி இன்ஜினுக்கு ஊட்டுகிறது. ஆனால் பானெட்டுக்குள் வெந்துகிடக்கிற காற்றையே இழுத்தால் இன்ஜினுக்குப் பலம் ஏறாது. வெளியிலிருந்து குளிர்ந்த காற்றைக் குழாய் போட்டுக் கொண்டுவர வேண்டும். துறைமுகத்தில் குளிர் கன்டெய்னர் ரிப்பேர் பார்த்தவன் அல்லவா நீ? “டெய்லி எறாலுக்கு சில்லுனு காத்து வுட்டுகினு கீறேன். என் வண்டி மட்டும் வெந்துகினு கீது பாய்” என்று புலம்பினாய்.

புலம்பியபடியே பச்சைத்தண்ணீருக்குப் போடுகிற வெள்ளை பைப் பக்கம் போய், எல்போக்களை ஒவ்வொன்றாக வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்தாய். மடக்கு அதிகமானால் காற்று திணறுமாம். வாளி வாங்க வந்த ஓர் அம்மா என் காதருகே வந்து, “பைப்ப நக்கிப் பாத்துத்தான் வாங்கணுமா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

சனிக்கிழமை காலை வெள்ளை பைப்பை வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பினோம். முதலில் நன்றாகத்தான் போனது. காசிமேட்டில் மீன் வண்டிகளுக்கு நடுவே சிக்கி ஊர்ந்ததும் வண்டி முனகி நின்றது. பானெட்டைத் திறந்தால், இன்ஜின் சூட்டில் பைப் இளகி, டர்போ உறிஞ்சிய வேகத்தில் வயிறு ஒட்டிக் கிடந்தது. மீன்கூடையோடு போன அக்கா ஒருத்தி எட்டிப் பார்த்து, “இன்னா நைனா, வண்டிக்கு ட்ரிப்ஸ் ஏத்துறியா?” என்றாள். எதற்கும் சிரிக்கிற நீ அதற்குச் சிரிக்கவில்லை.

“நாளிக்கு மச்சான் வந்து எட்துகினு பூடுவான் பாய்” என்றாய். உன் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

“சுடுதண்ணிய தாங்குற பைப்பு இன்ஜின் சூட்ட தாங்காதா?” என்று சும்மாதான் கேட்டேன்.

என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். “பாய், நீ தப்பா பட்ச்சதுதான் ரைட்டு!” என்று நடுரோட்டில் கட்டிப்பிடித்தாய். பின்னால் நின்ற ஆட்டோக்காரர் திட்டியது இரண்டு பேருக்கும் கேட்கவில்லை.

அன்று மத்தியானமே மஞ்சள் பைப் ஏறியது. சூடு படாமலிருக்க எண்ணெய் டின் ஒன்றை வெட்டித் தட்டித் தடுப்பு வைத்தாய். பைப்பின் வாயை வலது ஹெட்லைட் ஓரம் கொண்டுபோய் நிறுத்தினாய். இடது பக்கம் நிறைய இடமிருக்க ஏன் இங்கே என்று கேட்டதற்கு, தலையைத் தூக்காமல், “அதான் கடல் பக்கம். காத்து அங்கதானே ஜில்லுனு கீது” என்றாய். நம் பக்கத்தில் யார் இடது வலது பார்த்து வழி சொல்கிறார்கள்? ஒன்று கடல் பக்கம், இல்லையென்றால் ரயில் பக்கம். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா ஓட்ட, நீ பக்கத்தில், நான் பின்னால். எண்ணூர் ரோட்டில் வேண்டுமென்றே லாரி வரிசைக்குப் பின்னால் ஊர்ந்து இன்ஜினை நன்றாகச் சூடேற்றினாள். வழி கிடைத்ததும் மிதித்தாள். ‘உஸ்ஸ்’ என்று ஒரு சீறல். லாரி எங்கள் பின்னால் போய்விட்டது. இன்னொரு லாரியை முந்தினாள். அதற்கடுத்து ஒன்று. “போதும்டி, ஆஸ்பத்திரியே வந்துட்ச்சி” என்றாய் நீ. “இரு, இன்னொன்னு போவுது” என்றாள் அவள். நீ திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய்.

டீ குடித்துவிட்டுத் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. “டேய், கடல் இப்ப லெப்ட்ல கீது! உன் பைப்பு வாய் ரயில் பக்கம் பாத்துகினு கீதே!”

நீ ஜன்னல் வழியாக இந்தப் பக்கம் பார்த்தாய், அந்தப் பக்கம் பார்த்தாய். அப்புறம் சாவகாசமாகச் சொன்னாய்: “அதனால இன்னா? திரும்பி வர்சொல்லோ வூட்டுக்குத்தானே போறோம். இன்னா அவசரம்?”

ஸ்டெல்லா சிரித்த சிரிப்பில் வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று.

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்த வாரம், துக்கத்துக்கு வந்திருந்த அவள் தம்பி தயங்கித் தயங்கி, “காரை இன்னாக்கா பண்ணப் போற?” என்று கேட்டான். அழுது வீங்கிய முகத்தோடு அவள் சொன்னாள்: “அது அந்த ஞாயித்துக்கெழமையே பாஸாயிட்ச்சிடா. திரும்பக் கேக்காத.” துக்க வீட்டில் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவளும்தான். நீ இருந்திருந்தால் எங்களைவிட உரக்கச் சிரித்திருப்பாய். நீ இல்லாமல் சிரிக்கத்தான் இன்னும் பழகவில்லை.

கடையை மூடி ஸ்கூட்டரில் ராயபுரத்துக்குத் திரும்பும்போது எனக்கும் கடல் இடது கைப்பக்கம்தான் வருகிறது. முன்பெல்லாம் சந்து பொந்தெல்லாம் புகுந்து பறப்பேன். இப்போது, வீட்டுக்குத்தானே என்று மெதுவாகப் போகிறேன். பின்னால் ஹாரன் அடித்தால் ஒதுங்கி வழி விடுகிறேன். ஏன் லேட் என்று வீட்டில் கேட்கிறார்கள். “கடல் லெப்ட்ல வந்துட்ச்சி” என்கிறேன். யாருக்கும் புரிவதில்லை. நானும் விளக்குவதில்லை.