குதிரைக்குப் போட்ட கூரை

ஏப்ரல் 13, 2025. ஞாயிறு

லீவு நாளிலும் நிம்மதி இல்லை. கெங்கையம்மன் திருவிழாவுக்கு ஊர்க்கூட்டம். தலைக்கட்டு வரி வீட்டுக்கு இவ்வளவு என்று நாட்டாண்மை கோவிந்தராஜ் சொன்னதும் எல்லாரும் தலையாட்டினார்கள். நான்தான் வாயைத் திறந்தேன். நம்ம பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறது, ஊர் ஒரு பங்கு கொடுத்தால் மீதியை அரசாங்கம் போடும், இல்லையென்றால் மூடிவிட்டுப் பிள்ளைகளை ஹைவேஸுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிடுவார்கள், இதற்கும் சேர்த்து வசூலிக்கலாமே என்றேன்.

"எம் பையன் பரத் வேன்ல இங்கிலீஷ் ஸ்கூல் போறான். நான் எதுக்குக் குடுக்கணும்? உனக்குப் புள்ளையே இல்ல, உனக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?" என்றான் கோவிந்தராஜ்.

சிரித்தார்கள். ஷூ கம்பெனியில் என் பக்கத்து மிஷினில் உட்காருகிறவளும் சிரித்தாள்.

ஏப்ரல் 14

பிள்ளை இல்லாதவளிடம் திருவிழா வரி மட்டும் வாங்கலாமா? அங்கேயே கேட்டிருக்கணும். தோணித் தொலையலையே!

ஜூன் 2

பள்ளிக்கூடம் திறக்கவில்லை. பூட்டு.

பக்கத்து வீட்டு தேவிகா அழுதாள். "ரோட்ட தாண்டி எப்டிக்கா தனியா அனுப்புவேன்? லாரிங்க பறக்குது. நானும் கம்பெனி பஸ் ஏறணும்." அவள் மகள் ஹரிணிக்கு எட்டு வயசு. இனி வீட்டிலிருந்து தம்பியைப் பார்த்துக்கொள்வாளாம். தினமும் சாயங்காலம் எனக்குப் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை.

ஜூன் 8

திருவிழா முடிந்து சாமியின் மரக்குதிரையைப் பள்ளிக்கூடத்துக்குள் வைத்திருக்கிறார்கள். வரியில் மீதி இருந்ததாம். சாமி நனையக் கூடாதாம். கூரைக்குப் புதுத் தகரம் அடித்துவிட்டார்கள்.

அடப்பாவிகளா! என் வரியும் அதில்தானே இருக்கிறது?

செப்டம்பர் 21

வெளிநாட்டு ஆர்டர் இல்லை. கம்பெனியில் பாதி லைன் நிறுத்தம். அங்கேயே வேலை பார்த்த கோவிந்தராஜுக்கும் வேலை போய்விட்டது. சந்தோஷப்பட்டேன். ஆமாம், பட்டேன்தான்.

அக்டோபர் 12

கோவிந்தராஜ் வாசலில் வந்து நின்றான். "சோபனாக்கா" என்றான். என்றைக்கும் இல்லாத அக்கா.

"பரத்த ஸ்கூல்லேர்ந்து நிறுத்திட்டேன். பீஸ் கட்ட முடியல. நம்ம பள்ளிக்கூடத்த தொறக்கச் சொல்லி ஆபீஸ்ல பேசலாம், நீயும் வர்றியா? அந்த ரோட்ட சின்னப் பையன் எப்டிக்கா தாண்டுவான்?"

"ஹரிணி மட்டும் பெரிய மனுஷியா?"

ஆனாலும் அவனோடு ஆபீஸுக்குப் போனேன். இவனுக்காக இல்லை.

அக்டோபர் 27

கல்வி அதிகாரி வந்து பார்த்தார். கூரை நன்றாக இருக்கிறது, குதிரையை எடுத்தால் நாளைக்கே திறக்கலாம் என்றார்.

"உள்ள வெச்ச சாமிய அடுத்த வைகாசில காப்பு கட்டித்தான் வெளிய எடுக்கணும்" என்றார் பூசாரி.

கோவிந்தராஜ் உட்பட ஒருத்தனும் குதிரைமேல் கை வைக்கவில்லை. நானே தள்ளப் போனேன். தேவிகாதான் என் கையைப் பிடித்து இழுத்தாள். "வேணாங்க்கா, புள்ளைங்களுக்கு ஏதாச்சும் ஆய்டும்." அதிகாரி ஜீப் ஏறிவிட்டார்.

நவம்பர் 3

காலையிலிருந்து அடைமழை. பஸ்ஸுக்குப் போகும் வழியில் பார்த்தேன். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஹரிணி, இடுப்பில் தம்பி. பக்கத்தில் பரத். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள ஒழுகவே இல்ல பெரிம்மா" என்றாள் ஹரிணி.