திரை பேசிய நாள்

நீர் வற்றாது ஓடுக. நெல் குன்றாது விளைக. அறம் அரண்மனை வாயிலை விட்டு அகலாதிருக்க. ஏழாற்று நாட்டுக்கு இறைவரும், அலையடக்கிய பெருமாள் என்று திசையெல்லாம் போற்றப்படுபவரும், வெண்சங்குக் கொடி உயர்த்தியவருமாகிய மாவேந்தரின் அரியணையில் உடன் வீற்றிருக்கும் கோப்பெருந்தேவி நல்லமங்கை தன் கைப்பட எழுதியது. கருங்கல் மேட்டுக் கோட்டையின் காவலரும், மாவேந்தருக்கு இளவலும், நமக்குக் கொழுந்தனாருமாகிய இளங்கோ வேழமுடியார் காண்க. உம் மதில் உயர்க. உம் மனையும் மக்களும் நோயின்றி வாழ்க. உம் குதிரைகள் கொழுத்துப் பொலிக.

வாழ்த்து முடிந்தது. இனி, தம்பியாரே, அறையில் இருப்போரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டு மேலே படியும். அழகாக எழுதும் எழுத்தர்களுக்கு அரண்மனையில் பஞ்சமில்லை. ஆயினும் இச்செய்தியை இன்னொருவர் கையில் ஒப்படைக்க நமக்குத் துணிவு வரவில்லை. எழுத்தாணி ஓலையைக் கிழித்திருக்கும் இடங்களைக் கண்டு நகையாதீர்.

உம் சிறையில் ஏறன் என்றொருவன் இருக்கிறான். மரப்பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு, தன் உதடு அசையாமல் அதைப் பேசவைக்கும் கூத்தன். விழாக்கொடி இறங்கும் நாளில் அவன் தலையை வாங்கும்படி முத்திரையிட்ட ஆணை உமக்கு வந்திருக்கும். அந்த ஆணை மாவேந்தர் வாயிலிருந்து பிறந்ததன்று. கார்காலம் தொட்டு அவர் வாயிலிருந்து எந்தச் சொல்லும் பிறக்கவில்லை. உம் தமையனாருக்குக் குரல் போய்விட்டது. இதை உம்மிடமும் மறைத்தோம். சினம் கொள்ளும், ஆனால் இந்த வேலையை முடித்துவிட்டுக் கொள்ளும்.

அவருக்குக் காய்ச்சல் வந்தது உமக்குத் தெரியும். போகும்போது அது குரலையும் கூட்டிக்கொண்டு போனதை நாமும், மருத்துவரும், திருவாய்க்கேள்வி சேந்தன் காரியாரும் மட்டுமே அறிவோம். நம் நாட்டு வழக்கம் இதுவரை நமக்குக் கைகொடுத்தது. மன்னர் திருமுகத்தை அவை காணலாகாது. திரைக்குப் பின் அமர்ந்து அவர் சொல்வதை, திரைக்கு முதுகு காட்டி நிற்கும் திருவாய்க்கேள்வி செவிமடுத்து, மும்முறை உரக்கச் சொன்னால் அது ஆணை. ஆகவே காரியார் கேட்பதுபோல் தலையைச் சாய்ப்பார். மாவேந்தர் திரையின் பிளவு வழியே கைநீட்டி, மேலாடை இல்லாத அவர் முதுகில் விரலால் எழுதுவார். காரியார் முதுகால் படித்து வாயால் சொல்வார். வாய்க்கால் வெட்டுவதும், கோயிலுக்கு நிலம் விடுவதும், வழக்குத் தீர்ப்பதும் இப்படியே நடந்தன. மன்னர் இப்போதெல்லாம் மெல்லப் பேசுகிறார் என்று அவையோர் தமக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

ஒன்று மட்டும் முடியாது. உயிரை எடுக்கும் ஆணையையும், அதைத் திரும்பப் பெறும் ஆணையையும், மன்னர் குரலிலேயே அவை முழுதும் காதால் கேட்டாக வேண்டும் என்பது முன்னோர் வைத்த முறை. ஆகவே கார்காலம் முதல் நாட்டில் ஒருவர் தலையும் விழவில்லை. மன்னர் கருணைக் கடலாகிவிட்டார் என்று புலவர்கள் பாடிப் பரிசில் வாங்கிப் போனார்கள். அதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று நமக்கே தெரியவில்லை.

காரியார் இயல்பிலேயே பயந்தவர். பல்லி சொன்னால் வாசற்படியில் நின்றுவிட்டுப் போகிறவர். அப்படிப்பட்டவர் தலையில் இப்படியொரு சுமை ஏறியதும் ஆளே பாதியாகிவிட்டார். சோறு இறங்கவில்லை. முதுகில் ஈ உட்கார்ந்தாலும் ஆணையோ என்று திடுக்கிட்டு நிமிர்வார். விரல் எழுதியதைத் தாம் தவறாக உணர்ந்துவிட்டால் யாருடைய வயலோ யாருக்கோ போய்விடுமே என்று அஞ்சி, அவைக்கு வருமுன் நாள்தோறும் தம் மனைவியை முதுகில் எழுதச் சொல்லிப் பழகிக்கொண்டார். எதற்கென்று அந்த அம்மையாருக்கு இன்றுவரை தெரியாது.

இந்நிலையில் வடகரை நாட்டுத் தூதர் விழாவுக்கு வந்து சேர்ந்தார். அவர் நாட்டுப் படை எல்லை ஆற்றின் அக்கரையில் கூடாரமடித்துக் காத்திருந்ததை நீரே எழுதியிருந்தீர். நம் மன்னர் நலம் குறித்து அவர்கள் காதுக்கு ஏதோ எட்டியிருக்க வேண்டும். தூதர் முதல் வரிசையில் அமர்ந்து, எதிரே நடப்பதைப் பாராமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணை வேறு பக்கம் திருப்பத்தான் ஏறன் கூத்து வைக்கப்பட்டது.

அந்தக் கூத்தை என்னவென்று எழுதுவோம்! பொம்மையின் பெயர் தொந்தியார். வரி தண்டும் அதிகாரி வேடம். வயிறு முன்னே வர ஆள் பின்னே வருவார். மடியில் உட்கார்ந்ததுமே அது ஏறனை ஏற இறங்கப் பார்த்துச் சொல்லியது, அரச ஓலையில் எழுதத் தகாத பேச்சாயினும் அப்படியே எழுதுகிறோம்: "யோவ், உதட்டைக் கொஞ்சம் அசைச்சுத்தான் பேசேன்யா. எல்லாரும் நெசமாவே நான்தான் பேசுறேன்னு நம்பிடப் போறாங்க." அவை குலுங்கியது. அடுத்து அது தூதர் பக்கம் கழுத்தைத் திருப்பி, "இந்த ஐயா எதுக்கு வந்திருக்காரு? விருந்து சாப்பிடவா, வீட்டை அளந்துட்டுப் போகவா?" என்றது. நல்லவேளை, தூதரும் சிரித்துவிட்டார்.

பிறகு தொந்தியார் நியாயம் கேட்கத் தொடங்கினார். இந்த ஆள் தனக்குச் சோறு போடுவதில்லை, முதுகுக்குள் கையை விட்டுக் கிள்ளுகிறான் என்பது முறையீடு. தூணைக் கேட்டார், தூண் தொண்டை கட்டிய குரலில் தனக்கே நிற்க நேரமில்லை என்றது. காவலன் கையிலிருந்த வேலைக் கேட்டார். வேல் அந்தக் காவலன் பேசும் மலைநாட்டு இழுவையிலேயே பதில் சொல்ல, காவலன் பதறி அதைக் கீழே போட்டுவிட்டான். ஏறன் உதடு அசையவில்லை. கண்ணிமைக்காமல் பார்த்தோம், கழுத்து நரம்புகூட அசையவில்லை. போர்க்களத்தில் கண் கலங்காத தளபதியர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மேன்மாடத்துப் பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். இவன் மனிதனா மாயக்காரனா என்று வியந்தார்கள். காரியாரும் பல திங்களுக்குப் பின் அன்றுதான் தம் எச்சரிக்கையை மறந்து வாய்விட்டுச் சிரித்தார். அதுதான் வினையாயிற்று.

"திரையைக் கேளு! தொந்தியாரே, திரையைக் கேளு!" என்று யாரோ கத்தினார்கள். அவை முழுதும் அதைப் பிடித்துக்கொண்டது. ஏறன் தயங்கியதை நாம் கண்டோம். ஆயினும் அவ்வளவு பேர் உன்னைப்போல் உண்டா என்று ஆர்ப்பரிக்கும்போது எந்தக் கலைஞன் எழுந்து போவான்? பொம்மை திரையைப் பார்த்துக் கும்பிட்டு, "பெருமாளே, இந்த ஆளை என்ன பண்ணலாம்? நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றது.

திரையிலிருந்து குரல் வந்தது. "கொண்டுபோய்த் தலையை வாங்குங்கள்."

மாவேந்தர் குரல், தம்பியாரே. அந்தக் கனம், சொல்லத் தொடங்குமுன் வரும் அந்தச் சிறு செருமல், எல்லாம் அவரே. முந்தைய விழாக்களில் முற்றத்தில் நின்று கேட்டதை அந்தப் பாவி மனத்தில் அப்படியே வைத்திருந்திருக்கிறான். மேன்மாடத்தில் நாம் எழுந்து நின்றுவிட்டோம். நம் கண்ணில் நீர் வந்துவிட்டது.

காரியார் நிலையை எண்ணிப் பாரும். முதுகில் விரல் படவில்லை என்பதை அவர் அப்போது நினைக்கவில்லை. போன குரல் திரும்பிவிட்டது என்ற மகிழ்ச்சியில், ஆண்டாண்டாய்ப் பழகிய வாய் தானாகத் திறந்து முதல் முறை அதைச் சொல்லிவிட்டது. சொன்ன மறுகணம் விரல் வந்தது. "இல்லை" என்று எழுதியது. மீண்டும் "இல்லை". பிறகு விரல் நகமாயிற்று. காரியாருக்கு அப்போதுதான் விளங்கியது. நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிறுத்தினால், மன்னர் சொல்லவில்லையென்று உமக்கெப்படித் தெரியும் என்று முதல் கேள்வி வரும். முன்னே தூதர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆற்றின் அக்கரையில் படை. மாவேந்தர் நகம் முதுகுத் தோலைக் கிழித்துக்கொண்டிருக்க, அவர் இரண்டாம் முறை சொன்னார். மூன்றாம் முறையும் சொன்னார்.

கேலி பேசிச் சிரித்துக்கொண்டிருந்த அவை, திருவாய்க்கேள்வியே சொல்லக் கேட்டதும் சட்டென்று அடங்கிற்று. பிறகு வெடித்தது. மன்னர் குரல் எடுத்துப் பேசிவிட்டார் என்று ஆனந்தக் கூத்தாடினார்கள்; அவர் பேசியது என்னவென்று எவருக்கும் உறைக்கவில்லை. ஏறன் பொம்மையைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் விழுந்து, "சாமி, அது நான்தான்! நான்தான் பேசுனேன், என் தொண்டைதான்!" என்று கதறினான். அதற்கும் கைதட்டினார்கள். என்ன நடிப்பு, என்ன நடிப்பு என்றார்கள். காவலர் அவனை இழுத்துச் சென்றபோதும் அவன் எப்போது எழுந்து சிரிக்கப் போகிறான் என்று காத்திருந்தவர்கள் உண்டு. அவ்வளவு திறமை அவனை விழுங்கிவிட்டது.

தூதர் மறுநாளே விடைபெற்றார். அக்கரைக் கூடாரங்கள் அவிழ்க்கப்பட்டதாக ஒற்றர் சொல்கிறார்கள். ஆக, ஒரு பொம்மைக்காரன் விளையாட்டாய்ச் சொன்ன சொல் நாட்டைக் காத்துவிட்டது. நாடு அவனைக் கொல்லப் போகிறது.

காரியார் விடிந்ததும் நம்மிடம் வந்தார். திரும்பி நின்று முதுகைக் காட்டினார். "இல்லை, இல்லை" என்று சிவந்த எழுத்து, படிக்கும்படியாகவே இருந்தது. தம் தலையைக் கொடுக்கவும் தாம் ஆயத்தம் என்றும், ஆனால் தம் தலை விழுந்தாலும் அவன் தலை மீளாதே என்றும் சொல்லி அழுதார். மாவேந்தரும் உண்ணவில்லை. அவனைச் சாகவிடாதே என்று ஓலையில் எழுதி எழுதி நம் மடியில் வைக்கிறார்.

உயிர் கொடுக்கும் ஆணையை மன்னர் குரலில் அவை கேட்டாக வேண்டும். அந்தக் குரல் இன்று உலகில் ஒரே ஒரு தொண்டையில்தான் இருக்கிறது. அது உம் சிறையில் கிடக்கிறது. ஆகவே ஏறனே திரைக்குப் பின் மாவேந்தர் பாதத்தருகே அமர்ந்து, மாவேந்தர் எழுதிக் காட்டுவதை மாவேந்தர் குரலில் சொல்லி, தன் உயிரைத் தானே மீட்டுக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். வேறு வழி தெரிந்தால் எழுதும். நமக்குத் தெரியவில்லை.

ஆகையால் நாம் இடும் ஆணை: ஏறனை ஈரமான அறையிலிருந்து உடனே மாற்றுக. குளிர்ந்த நீர் தராதீர். மிளகும் தேனும் கலந்த வெந்நீர் தருக. அவன் கதறி அழாதபடி பார்த்துக்கொள்க. தொண்டை கட்டினால் அவனும் இல்லை, நாமும் இல்லை. மூடுபல்லக்கில் ஏற்றி, கொடி இறங்குமுன் நீரே அழைத்து வருக. பொம்மை இங்கே நம்மிடம் இருக்கிறது; அதைக் கேட்டால் தருவதாகச் சொல்க. மன்னிப்புக்குப் பின் அவன் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்பான். அதற்கு மறுமொழி சொல்லாதீர். அந்தக் குரல் நாட்டுக்கு நாளையும் வேண்டியிருக்கும். உண்மையைச் சொன்னால், அது பொய்யென்று அறிந்த பிறகும், இன்னொரு முறை கேட்க நமக்கே மனம் ஏங்குகிறது. அந்த ஏக்கம்தான் எல்லாவற்றையும்விட நம்மை அச்சுறுத்துகிறது.

இம்முடிவைக் கேட்டுவிட்டுப் போகும்போது காரியார் ஒன்று கேட்டார். மாவேந்தர் எழுதிக் காட்டியதை விட்டு அவன் வேறொன்றைச் சொல்லி, அதை அவை முழுதும் கேட்டுவிட்டால், தாம் எதைத் திருப்பிச் சொல்வது என்று கேட்டார். முதுகில் விரல் ஒன்று சொல்லும், காதில் குரல் ஒன்று சொல்லும், அன்று அவையில் குரலுக்கே பணிந்துவிட்டேனே அம்மா என்றார். அதற்காகவே சொல்கிறோம்: நீர் வாளோடு வந்து திரைக்குள் அவன் பின்னே நில்லும். ஆனால் வாளை உருவாதீர். அவனை வெட்டினால் மன்னர் குரலையும் வெட்டியவராவீர். தன்னை வெட்ட எவராலும் இயலாது என்பது அவனுக்கு இன்னும் தெரியாது. தேனும் பல்லக்கும் எதற்கென்று எண்ணி வழியில் தெரிந்துகொள்வான்.

வழி நெடுகிலும் பல்லக்கிலிருந்து உம் தமையனார் குரல் கேட்டாலும், உம் தாயார் குரல் கேட்டாலும், திரும்பிப் போகச் சொல்லி நம் குரலே கேட்டாலும், நில்லாது வருக. இவ்வெழுத்து ஒன்றையே நம்புக. படித்ததும் தீயில் இடுக.

வெண்சங்கு முத்திரை வைத்தோம். ஏழாறும் சான்று. இது ஆணை.